கட்சிப் பெயரும் கலைக்களஞ்சியமும்

ஓர் ஊரின் பெயரையோ ஒரு மனிதனின் பெயரையோ பிறமொழியில் எழுத நேரும்போது அதன் பொருளைத் தேடி மொழிபெயர்க்க வேண்டும் என்று எந்தக் களஞ்சிய ஆசிரியரும் எண்ணுவதில்லை. அவ்வாறே ஓர் அமைச்சகத்தையோ நீதிமன்றத்தையோ குறிப்பிடும்போது அதன் பெயரை மூலமொழியின் ஒலியிலேயே விட்டுவிடலாம் என்றும் ஒருவரும் வாதாடுவதில்லை. அரசியற் கட்சியின் பெயர் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. அது ஒரு கூட்டத்தாரின் இயற்பெயர். அதே சமயத்தில் அக்கூட்டத்தார் தம்மைப்பற்றித் தாமே ஊருக்குச் சொல்லிக்கொண்ட பிரகடனமும் ஆகும். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954இல் முதல் தொகுதியை வெளியிட்டு, 1968இல் பத்தாம் தொகுதியோடு முடித்த கலைக்களஞ்சியத்தின் காலந்தொட்டு, அகரவரிசையில் உலக விஷயங்களைத் தமிழில் தொகுக்க முற்பட்ட ஒவ்வொருவரும் இந்தச் சிக்கலை எதிர்ப்பட்டே தீரவேண்டியவர்களாக இருந்திருக்கின்றனர். அயல்நாட்டுக் கட்சி ஒன்றைத் தலைச்சொல்லாக வைக்கும்போது அதன் பெயரைத் தமிழாக்கி வைப்பதா, ஒலிபெயர்த்து வைப்பதா என்பதே கேள்வி. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இது அச்சகத்து மேசையில் ஒரு நாழிகையில் தீர்த்துவிடக்கூடிய நடைமுறைப் பிரச்சினையாகத் தோன்றலாம். ஆயினும் டென்மார்க்கு, நார்வே, சுவீடன் ஆகிய மூன்று அண்டை நாடுகளின் கட்சிகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்த முயன்ற எவரும் அவ்வாறு எண்ணமாட்டார்.

டென்மார்க்கில் 1870இல் தோன்றிய கட்சி ஒன்றின் பெயர் வென்ஸ்த்ரே. அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு ‘இடது’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடைக்காது. 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் அரசனின் அதிகாரத்தைக் காக்க விரும்பியவர் தலைவருக்கு வலப்புறமும் அதைக் குறைக்க விரும்பியவர் இடப்புறமும் அமர்ந்ததிலிருந்து ஐரோப்பா எங்கும் பரவிய வழக்கை ஒட்டி, பெருநிலக்கிழாரும் உயரதிகாரிகளும் சேர்ந்திருந்த ‘வலது’ அணிக்கு எதிராக நிலமுடைய குடியானவர்கள் திரண்டபோது, தங்களுக்கு ‘இடது’ என்று பெயரிட்டுக்கொண்டனர். அக்காலத்தில் அது முற்றிலும் பொருத்தமான பெயரே. எஸ்த்ருப் என்ற நிலக்கிழார் 1875 முதல் 1894 வரை மக்களவையின் பெரும்பான்மையைப் பொருட்படுத்தாமல் அரசனின் நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு ஆண்ட நாட்டில், பெரும்பான்மை பெற்றவரே அமைச்சரவை அமைக்கவேண்டும் என்று வாதாடியவர்கள் இடதுசாரிகள் அல்லாமல் வேறு யார்? 1901இல் அரசன் ஒன்பதாம் கிறிஸ்டியான் அந்த வாதத்துக்கு இணங்கினான். வென்ஸ்த்ரே ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகு சரித்திரம் நகர்ந்தது, பெயர் நகரவில்லை. தொழிலாளரின் சமூக ஜனநாயகக் கட்சி வளர்ந்து உண்மையான இடப்புறத்தைப் பிடித்துக்கொள்ள, சொத்துடைய குடியானவர்களின் கட்சி மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கிற்று. 1915இல் ‘வலது’ என்ற கட்சி தன் பெயரையே மாற்றிக்கொண்டு பழமை பேணும் மக்கள் கட்சியாயிற்று. அன்று முதல் டென்மார்க்கில் வலது இல்லாத ஓர் இடது மட்டும் எஞ்சி நிற்கிறது.

இந்தக் கட்சியின் தலைவரான ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசன் 2001ஆம் ஆண்டுத் தேர்தலில், 1924 முதல் நாட்டின் மிகப் பெரிய கட்சியாக விளங்கிவந்த சமூக ஜனநாயகரைப் பின்தள்ளி, பழமை பேணுவோருடன் சேர்ந்து அமைச்சரவை அமைத்து, குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்த்த டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவில் ஆட்சி நடத்தினார். இச்செய்தியைத் தமிழ் நூல் ஒன்றில் ‘இடதுசாரிக் கட்சி வெற்றி பெற்றது’ என்று படிக்கும் வாசகர், நடந்ததற்கு நேர் விபரீதமான ஒன்றை உண்மையென்று நம்பிச் செல்வார். மொழிபெயர்ப்பு சரி, தகவல் பொய். சரி, சொல்லைப் பெயர்க்காமல் கருத்தைப் பெயர்த்து, ஆங்கிலேயர் செய்வதுபோல் ‘லிபரல் கட்சி’ என்று வைத்துவிடலாம் என்றால், அதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை; 1963இல் அக்கட்சியே ‘டென்மார்க்கின் லிபரல் கட்சி’ என்ற தொடரைத் தன் பெயருக்குப் பின்னே சேர்த்துக்கொண்டது. ஆனால் 2008 முதல் அதே நாட்டில் ‘லிபரல் அலையன்ஸ்’ என்ற வேறொரு கட்சி, டேனிஷ் மொழியிலும் அதே ஆங்கிலப் பெயரோடு இயங்கிவருகிறது. மேலும் 1905இல் வென்ஸ்த்ரேயிலிருந்து பிரிந்த ராடிக்காலே வென்ஸ்த்ரே, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தீவிர இடது’ ஆகிவிடும். உண்மையில் அதுவோ பெரும்பாலும் நடுவிலே நின்று இருபுறத்தாருக்கும் மாறி மாறித் தோள் கொடுத்துவந்த மிதவாதக் கட்சி.

நார்வேக்குச் சென்றால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அங்கே வென்ஸ்த்ரேயும் ஹொய்ரேயும், அதாவது இடதும் வலதும், 1884ஆம் ஆண்டில் ஒன்றையொன்று எதிர்த்தே பிறந்தன. இரண்டும் இன்றுவரை அதே பெயரில் உள்ளன. 2001 முதல் 2005 வரை போன்தேவிக் தலைமையில் நடந்த அமைச்சரவையில் இவ்விரு கட்சிகளும் கிறிஸ்தவக் கட்சியுடன் கூடி ஒருங்கே அமர்ந்திருந்தன. ‘இடதும் வலதும் கூட்டணி அமைத்தன’ என்று எழுதினால் அது சொல்லளவில் பிழையற்ற வாக்கியம். படிப்பவரோ ஏதோ தேசிய நெருக்கடி நேர்ந்து பகைவர் கைகோத்தனர் என்று கற்பனை செய்துகொள்வார். நடந்தது வெறும் நடுவலது அமைச்சரவை. இதற்கு மேல் 1975 முதல் சோஷலிச இடது கட்சி என்ற பெயரில், மெய்யாகவே இடதுசாரியான வேறு கட்சியும் அந்நாட்டில் உண்டு. சுவீடனிலோ, கம்யூனிஸ்ட் வழியில் வந்து 1990இல் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிவிட்ட கட்சி, ‘இடது கட்சி’ என்றே வழங்குகிறது; அங்கே மொழிபெயர்ப்பு முற்றிலும் நேர்மையானது. ஆக மூன்று நாடுகள், ஏறக்குறைய ஒரே சொல். மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் உண்மை, ஈரிடங்களில் பொய். எல்லாவற்றையும் பெயர்த்துவிடுக என்ற விதி இங்கே எவ்வளவு பயனற்றதோ, எல்லாவற்றையும் ஒலிபெயர்த்துவிடுக என்ற விதியும் ஏறத்தாழ அவ்வளவே பயனற்றது. ஏனெனில் சுவீடனின் ‘வென்ஸ்தர்பார்த்தியெத்’ என்ற நீண்ட ஒலிக்கோவையைத் தமிழ் வாசகரின்மேல் சுமத்துவதால் அவருக்கு எள்ளளவு நன்மையும் இல்லை.

அயர்லாந்து வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அன்றாட வாழ்வில் பேசுவதும் எழுதுவதும் ஆங்கிலமே. ஆயினும் 1926இல் டி வலேரா தோற்றுவித்த ஃபீயனா ஃபாலையும், 1933இல் மூன்று அமைப்புகள் கூடி உருவான ஃபினெ கேலையும் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதுகூடப் பெயர்ப்பதில்லை. ஃபீயனா என்பது ஐரிஷ் பழங்கதைகளில் வரும் வீரர் கூட்டம். ஃபால் என்பது தாரா என்னும் தொன்மையான அரசிருக்கையில் மன்னர்களுக்கு முடிசூட்டியபோது முழங்கியதாகச் சொல்லப்படும் கல்லின் பெயர், அதன் வழியாக அயர்லாந்துக்கே ஆகிவந்த பெயர். இந்தத் தொடரை ஆங்கில நூல்கள் ‘விதியின் வீரர்கள்’ என்ற பொருளில் விளக்குவதைக் கண்டு அதை அப்படியே தமிழாக்கித் தலைப்பாக வைத்தால், அந்தப் பெயரைத் தாங்கிய கட்சி எதுவும் உலகில் இல்லாமற் போய்விடும். கட்சி உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1913இல் எழுந்த ஐரிஷ் தொண்டர் படையின் சின்னத்தில் இத்தொடரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டன. இன்றைய ஐரிஷ் ராணுவத்தின் சின்னத்திலும் அவை உள்ளன. தேசிய கீதத்தின் ஐரிஷ் வடிவத்திலும் இச்சொற்கள் வருவதால், எதிர்க்கட்சியைச் சேர்ந்த சிலர் அந்த இடத்தில் வேறு சொல்லை இட்டுப் பாடுவதுண்டு. ஒரு கட்சியின் பெயர் ஒரு தேசத்தின் பொதுச்சொத்தின்மீது கொண்டாடப்படும் உரிமையாகவும் இருக்கக்கூடும் என்பதும், அந்த உரிமையைப் பற்றிய பூசல் மூலச்சொல் கண்முன் இருந்தாலன்றி வாசகருக்கு விளங்காது என்பதும் இதனால் புலனாகும்.

ஃபீயனா ஃபாலின் பெயருக்கு அடியில் ஆங்கிலத்தில் ‘குடியரசுக் கட்சி’ என்ற துணைத்தொடரும் உண்டு. அதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அமெரிக்கக் குடியரசுக் கட்சியோடு அதற்கு ஏதோ உறவு உண்டென்று வாசகர் மயங்குவார். ஃபீயனா ஃபாலும் ஃபினெ கேலும் பிரிட்டனுடன் செய்துகொண்ட 1921ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்ற பூசலிலும், அதைத் தொடர்ந்து 1922இலும் 1923இலும் நடந்த உள்நாட்டுப் போரிலும் வேர்கொண்டவை. 2020இல் அவை இரண்டும் பசுமைக் கட்சியோடு கூடி ஒரே அமைச்சரவையில் அமர்ந்தபோது அது ஏன் ஒரு சகாப்தத்தின் முடிவாகக் கருதப்பட்டது என்பதை எந்த மொழிபெயர்த்த பெயரும் சொல்லாது. அதே அயர்லாந்தில், 1912இல் தோன்றிய தொழிற்கட்சியை மக்கள் ஆங்கிலப் பெயராலேயே அழைக்கின்றனர். அதற்கு ஐரிஷ் பெயர் ஒன்று இருந்தும் அது வழக்கில் முன்வருவதில்லை. ஆகவே தமிழ் நூலிலும் ஃபீயனா ஃபாலை ஃபீயனா ஃபாலாகவும், தொழிற்கட்சியைத் தொழிற்கட்சியாகவும் வைப்பது ஒழுங்கின்மை ஆகாது. அந்நாட்டாரின் வழக்கை அப்படியே பின்பற்றுவதாகும். 1905இல் ஆர்தர் கிரிஃபித் தொடங்கிய ஷின் ஃபேன் இயக்கத்தின் பெயருக்கு ‘நாமே’ என்பதுதான் நேர்ப்பொருள். ‘நாம் மட்டுமே’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பரவிய பெயர்ப்பு, தற்சார்பைத் தன்னலமாகக் காட்டியது. நம் நாட்டில் அதே ஆண்டில் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தின் பெயரை ஆங்கில ஏடுகள் பெயர்க்காமல் விட்டது நமக்கு நன்மையாகவே முடிந்தது.

இனி, பெயரை எப்படிப் பெயர்ப்பது என்பதைக் கட்சியே சொல்லிவிட்டால் களஞ்சிய ஆசிரியருக்குக் கவலை இல்லையே என்று சிலர் கருதலாம். ஜப்பானில் 1964இல் எழுந்த கோமெய்தோ முதலில் தன்னைத் ‘தூய அரசாங்கக் கட்சி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டு, பின்னர் அந்தப் பெயர்ப்பைக் கைவிட்டு ஜப்பானியப் பெயருக்கே திரும்பியது. இதில் நமக்குத் தொல்லை எதுவும் இல்லை. ஃபின்லாந்தில் நடந்ததோ வேறு. ‘பெருஸ்சுவோமலைசெத்’ என்ற பெயரில் 1995இல் தோன்றிய கட்சியின் பெயருக்கு, சாமானிய ஃபின்லாந்தியர், வேர்ப்பற்றுள்ள ஃபின்லாந்தியர் என்ற இரண்டின் நிழலும் உண்டு. அயல்நாட்டு ஏடுகள் அதனை ‘உண்மையான ஃபின்லாந்தியர்’ என்று பெயர்த்துவந்தன. 2011இல் கட்சி தானே முன்வந்து, தனது ஆங்கிலப் பெயர் இனிமேல் ‘ஃபின்லாந்தியர்’ என்பதே என்று அறிவித்தது. பெயரிலிருந்து ஓர் அடைமொழியை நீக்கியவுடன் கட்சியும் தேசமும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஃபின்லாந்தியர் குடியேற்றத்தை எதிர்க்கின்றனர்’ என்று ஒரு நோக்கு நூல் எழுதினால், அங்கே பேசுவது கட்சியா, மக்களா? கட்சி அயலாருக்குத் தரும் மொழிபெயர்ப்பு ஒரு சாட்சியமாகக் கொள்ளத்தக்கதே, கட்டளையாகக் கொள்ளத்தக்கதன்று. இந்தக் கட்சியைப் பொறுத்தவரை மூலப்பெயரைத் தலைப்பிலும், சாமானியர் என்ற பொருளை முதல் வாக்கியத்திலும் வைப்பதே நடுநிலை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வாறு அயலாரின் பெயரை நாம் என்ன செய்வது என்று விசாரிக்கும்போது, நம்முடைய பெயர்களை அயலார் என்ன செய்தனர் என்பதையும் ஒருமுறை பார்ப்பது நியாயம். தமிழர் நடுவே 1949ஆம் ஆண்டில் இரண்டு கட்சிகள் பிறந்தன: செப்டம்பரில் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம், டிசம்பரில் கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி. முதலாவதன் பெயரை ஆங்கில நூல்கள் ‘திராவிடர் முன்னேற்றக் கூட்டாட்சி அமைப்பு’ என்னும்படியான பொருளில், ஃபெடரேஷன் என்ற சொல்லை இட்டுப் பெயர்த்துவந்திருக்கின்றன. கழகம் என்ற சொல்லில் கூட்டாட்சி எங்கே இருக்கிறது? புலவர் கூடும் அவை, கற்றோர் குழு, சங்கம் என்றெல்லாம் பொருள்பட்டு வழங்கிய சொல் அது. பல தனி அமைப்புகள் ஒப்பந்தத்தால் பிணைந்த கூட்டமைப்பு என்ற கருத்து அதில் அணுவளவும் இல்லை. பெயரை மட்டும் பார்த்துக் கட்சியின் அமைப்பை ஊகிக்கும் அயல்நாட்டு மாணவர், இல்லாத உறுப்புக் கட்சிகளைத் தேடி அலைவதற்குத்தான் அந்தப் பெயர்ப்பு பயன்படும். அதனால்தானோ என்னவோ அன்றாட ஆங்கிலப் பத்திரிகைகள் மூன்று எழுத்துச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அது அறிவுடைய செயல்.

இரண்டாவது கட்சியின் கதை இதைவிடக் கனமானது. தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் தமிழில் ‘தமிழரசுக் கட்சி’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் தம்மை ஃபெடரல் கட்சி, அதாவது சமஷ்டிக் கட்சி, என்று அழைத்துக்கொண்டனர். ஆங்கிலப் பெயர் கட்சியின் கோரிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் அந்தக் கோரிக்கையின் பயனைச் சொல்கிறது. அதாவது, சமஷ்டி அமைந்தால் அதன் உறுப்பாகத் தமிழருக்கு ஓர் அரசு இருக்கும் என்பது. அரசு என்ற தமிழ்ச் சொல் தனிநாட்டையும் குறிக்கும், அரசாங்கத்தையும் குறிக்கும், மாநில அரசையும் குறிக்கும். இந்தப் பொருட்பன்மையை அறிந்தோ அறியாமலோ, கட்சியை எதிர்த்த சிங்கள அரசியலார், ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் வேறொன்றுமாக இவர்கள் பேசுகிறார்கள், தமிழ்ப் பெயரே தனிநாட்டு நோக்கத்துக்குச் சான்று என்று நீண்ட காலம் குற்றஞ்சாட்டிவந்தனர். ஒரு பெயரின் பெயர்ப்பு ஒரு கட்சியின் அந்தரங்க நோக்கத்தைப் பற்றிய வழக்காக மாறிவிட்டது. பிரிவினை கோருவதை இலங்கை அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாவது திருத்தம் தடைசெய்த பிறகு, இக்கட்சியின் நோக்கம் தனிநாடே என்ற மனு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நீதிமன்றம், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் புலப்படுகிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரு தமிழ்க் கட்சிகளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒட்டிக்கொண்டது. இரண்டின் தமிழ்ப் பெயரிலும் அந்தப் பொருள் கிடையாது. ஒன்றில் அது அயலார் செய்த தளர்ந்த பெயர்ப்பு, மற்றொன்றில் கட்சி தானே ஆராய்ந்து தேர்ந்த இரண்டாம் பெயர். இவை இரண்டையும் மொழிபெயர்ப்பு என்ற ஒரே தலைப்பில் அடக்கி ஒரே வகையாக நடத்தும் நூல், அடிப்படையான வேறுபாட்டையே தவறவிடுகிறது. கட்சி தான் சூடிக்கொண்ட பெயர்கள் எத்தனை மொழிகளில் இருந்தாலும் அவை அத்தனையும் அதன் பெயர்களே. அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமையும் அக்கட்சியின் சரித்திரத்தில் ஒரு பகுதியே. பிறர் வசதிக்காகச் செய்தது மட்டுமே மொழிபெயர்ப்பு.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. தமிழர் குடியிருந்து வாக்களிக்கும் அயல்நாடுகளின் கட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து புதிதாகப் பெயர் செய்யும் உரிமை நமக்கு இல்லை. சிங்கப்பூரில் 1954இல் தோன்றிய ஆளுங்கட்சி தமிழில் மக்கள் செயல் கட்சி. அதன் பிரதான எதிர்க்கட்சி பாட்டாளிக் கட்சி. நம்மூர் வாசகருக்குப் பாட்டாளி என்ற சொல் வேறொரு கட்சியை நினைவூட்டுகிறது என்பதற்காக அதைத் தொழிலாளர் கட்சி என்று திருத்துபவர், திருத்தம் செய்யவில்லை. வேறோர் ஊரின் வழக்கை அழிக்கிறார். மலேசியத் தமிழ் ஏடுகள் ஜனநாயக செயல் கட்சியைத் தமிழ்ப் பெயரால் எழுதி, அம்னோவை ஒலிப்பெயராலேயே எழுதுகின்றன. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. 1946இல் ஜொகூர் பாருவில் தோன்றிய அம்னோவின் பெயர் ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகள். அதற்கு முழுமையான மலாய்ப் பெயர் இருந்தும் மலாய்க்காரரே அம்னோ என்றுதான் சொல்கின்றனர். இலங்கையில் தேர்தல் ஆணைக்குழு கட்சிப் பெயர்களை மும்மொழியிலும் வெளியிடுகிறது. ஆகையால் ஐக்கிய தேசியக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி என்பவை அங்கே மொழிபெயர்ப்புகள் அல்ல, பதிவான பெயர்கள். அங்கேயே 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் பெயரைத் தமிழரும் பெயர்க்காமல் ஏற்றுக்கொண்டதற்கு, அச்சொற்கள் வடமொழி வழியாகச் சிங்களவர், தமிழர் இருவருக்கும் பொதுவாக இருந்ததே காரணம்.

மொழிபெயர்ப்பின் பக்கம் நின்று பேசுவோரின் வாதத்தையும் அலட்சியம் செய்தல் ஆகாது. தலைச்சொற்களை எல்லாம் அயல்மொழி ஒலிகளாகவே நிரப்பிவிட்டால் நூல் தமிழ் நூலாகாது என்றும், பொதுவுடைமை என்ற சொல்லைப் போல் ஒரு கருத்தைத் தமிழில் வேரூன்றச் செய்த பெயர்ப்புகள் இல்லையா என்றும் அவர்கள் கேட்கின்றனர். உண்டு, அந்த உதாரணம் நல்ல உதாரணமே. சீனரும் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரைப் பெயர்த்தே வழங்குகின்றனர்; அவர்கள் இட்ட பெயருக்கும் பொதுவான உடைமை என்றே பொருள். ஆனால் இந்தப் பெயரின் பிறப்பே வேறு விதமானது. மூன்றாவது அகிலம் 1920இல் விதித்த இருபத்தொரு நிபந்தனைகளில் ஒன்று, அதில் சேரும் ஒவ்வொரு கட்சியும் இன்ன நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சி என்றே பெயர் சூடவேண்டும் என்பது. எல்லா நாட்டிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்று கருதியே செய்யப்பட்ட பெயர் அது. ஆகவே கம்யூனிஸ்ட் என்றோ பொதுவுடைமை என்றோ ஒன்றைத் தேர்ந்து, எல்லா நாட்டுக்கும் அதையே வைப்பதுதான் சரி. ரஷ்யாவுக்குக் கம்யூனிஸ்ட் என்றும் சீனாவுக்குப் பொதுவுடைமை என்றும் மாறி மாறி எழுதுவதே குற்றம். சமூக ஜனநாயகம், கிறிஸ்தவ ஜனநாயகம், பசுமை ஆகிய சர்வதேசப் பெயர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். இவை சித்தாந்தத்தின் பெயர்கள். பெயர்த்தால் எதுவும் கெடாது.

கெடுவது வேறிடத்தில். ஜப்பானில் 1955 நவம்பரில் லிபரல் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இணைந்தபோது, இரு பெயர்களையும் கூட்டியே புதிய பெயர் ஆக்கிக்கொண்டனர். அது கொள்கையின் விவரணம் அன்று, இரண்டு குடும்பங்களின் கூட்டுப்பெயர். ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி நடத்திய கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சி என்றே பெயர் கொண்டது. அதன் வெறித்த தேசியவாதத்தில் லிபரல் எதுவும் இல்லை, ஜனநாயகமும் அரிதே. இரண்டையும் ஒரே தமிழ்ப் பெயரால் வைக்கும் நூல், நாட்டின் பெயரை முன்னே சேர்த்துவிட்டதால் கடமை முடிந்ததென்று எண்ணக்கூடாது. கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே, பெயரைக்கொண்டு கட்சியை எடைபோட முடியாது என்று சொல்லியாக வேண்டும். ஹிட்லர் கட்சியின் முழுப்பெயர் இதற்குப் பிரசித்தமான உதாரணம். தேசிய சோஷலிச ஜெர்மானியத் தொழிலாளர் கட்சி என்ற பெயரின் ஒவ்வொரு சொல்லும் 1920இல் யாரையோ கவர்வதற்காக வைக்கப்பட்டது. அதை அப்படியே தலைச்சொல்லாக்கினால் கட்சியின் விளம்பரத்தை ஆசிரியர் தம் குரலில் படித்துவிடுகிறார். நாஜிக் கட்சி என்று தலைப்பிட்டு, முழுப்பெயரை உள்ளே எடுத்துரைத்தால், படித்துக்காட்டுபவர் யார், எழுதியவர் யார் என்பது வாசகருக்குத் தெளிவாகிறது. இதற்கு மறுதலையாக, டோரி என்ற பிரிட்டிஷ் பெயர் துரத்தப்பட்ட கொள்ளையனைக் குறித்த ஐரிஷ் சொல்லிலிருந்து பகைவர் இட்ட வசைப்பெயர்; அதைப் பொருள் பெயர்த்து எழுத எந்த மொழிபெயர்ப்புப் பிரியரும் துணியமாட்டார் என்று நம்புகிறேன். ரஷ்யாவின் ‘யாப்லகோ’ மூன்று தலைவர்களின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர். ஆப்பிள் என்ற பொருளும் அதில் வந்து அமைந்தது. ஆப்பிள் கட்சி என்று பெயர்த்தால் சிலேடையும் போய், மனிதரும் போய்விடுகின்றனர்.

ஒலிபெயர்ப்பது என்று முடிவு செய்த பின்னரும் வேலை முடிவதில்லை. நம்மவர் பெரும்பாலும் மூலமொழியின் ஒலியைப் பெயர்ப்பதில்லை. அதன் ஆங்கில எழுத்துருவைக் கண்ணால் கண்டு பெயர்க்கின்றனர். ஃபினெ கேல் ‘ஃபைன் கேல்’ ஆவதும், ஷின் ஃபேன் ‘சின் ஃபீன்’ ஆவதும் இவ்வாறே. பின்னதைப் போல் நெடுங்காலம் அச்சில் நிலைத்துவிட்ட வடிவம் இருந்தால் அதைப் பார்வைத் தலைப்பாகவேனும் வைத்து, உரிய இடத்துக்கு ‘காண்க’ என்று வழிகாட்டவேண்டும். ஆய்த எழுத்தில் தொடங்கும் தலைச்சொல்லைத் தமிழ் அகரவரிசையில் உயிரெழுத்துகளின் முடிவில் சென்று தேடவேண்டும் என்பது கற்றவருக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஆகையால் பகரத்திலும் ஒரு வழிகாட்டி வைப்பது வீண் ஆகாது. கோமெய்தோ, குவோமின்டாங் ஆகியவற்றின் ஈற்றசையே கட்சி என்று பொருள்படுவது. வேல்ஸ் நாட்டின் ‘பிளைட் கம்ரி’யில் முதற்சொல்லே கட்சி. ஆகவே குவோமின்டாங் கட்சி என்பது கூறியது கூறல்தான். ஆனாலும் கட்சி என்ற ஒரு சொல்லாவது தமிழில் கண்ணுக்குப் படாவிட்டால் முதன்முறை படிப்பவர் அது ஊரா, ஆளா, மலையா என்று தடுமாறுவார். இந்தக் குற்றத்தைத் தெரிந்தே செய்யலாம்.

காலத்தின் பிரச்சினை ஒன்று எஞ்சியுள்ளது. சுவீடனின் ‘வலது கட்சி’ 1969இல் மிதவாதக் கட்சியாகப் பெயர் மாறியது. நார்வேயின் உழவர் கட்சி 1959இலும், ஃபின்லாந்தின் வேளாளர் சங்கம் 1965இலும் ‘நடுக் கட்சி’ என்ற பெயரைச் சூடின, உழவர் தொகை குறைந்துவந்ததே காரணம். கிழக்குப் பாகிஸ்தானில் 1949இல் தொடங்கிய அவாமி முஸ்லிம் லீக் 1955இல் முஸ்லிம் என்ற சொல்லைத் துறந்தது. ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சி 1918 முதல் தன் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் சுமந்துவந்த போல்ஷிவிக் என்ற சொல்லை 1952இல்தான் இறக்கிவைத்தது. இன்றைய பெயரைத் தலைச்சொல்லாக வைத்தாலும், 1930ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லும் வாக்கியத்தில் 1930இல் வழங்கிய பெயரே வரவேண்டும்; அந்தப் பழைய பெயர் ஒவ்வொன்றுக்கும் அகரவரிசையில் அதனதன் இடத்தில் ஒரு வரி ஒதுக்கவேண்டும். இதனால் நூல் சில பக்கங்கள் பெருகும், பதிப்பகத்தார் முணுமுணுப்பர்; ஆனால் 1957ஆம் ஆண்டுச் செய்தித்தாளைப் படித்துவிட்டு அதிலுள்ள கட்சி இன்று எங்கே என்று தேடிவருபவருக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு வழி இல்லை.